செஞ்சி முற்றுகையும் முகலாயரின் வீழ்ச்சியும்

முகலாயப் பேரரசு ஏன் சரிந்தது என்று ஆராயப் புகுவோர் பெரும்பாலும் ஔரங்கசீப்பின் தொழுகை விரிப்பருகே வந்து நின்றுவிடுகின்றனர். ஐந்து தொகுதிகளில் அவர் வரலாற்றை எழுதிய ஜதுநாத் சர்க்கார், பேரரசரின் மார்க்கக் கொள்கை இந்துக்களைப் பகைத்துக்கொண்டதையே அழிவின் வித்தாகக் கண்டார். நம்மவர் எழுதும் நூல்களோ, பின்வந்தோர் அவரைப்போல் பேணுதலுடன் வாழாமற் போனதே காரணம் என்கின்றன. அரசனின் பக்தியை அளந்தால் அரசின் ஆயுளை அறியலாம் என்னும் நம்பிக்கை இரு சாராருக்கும் பொது. இதை நாம் ஏற்பதற்கில்லை.

முதற்சாராருக்கு அத்ஹர் அலி 1966இல் வெளியிட்ட ஆய்வே மறுமொழி. 1000மும் அதற்கு மேலும் தரம் பெற்ற மன்சப்தார்களுள் இந்துக்கள் 1658–78இல் 21.6 விழுக்காட்டினர், ஜிஸ்யா மீண்டும் விதிக்கப்பட்ட 1679 முதல் 1707 வரை 31.6 விழுக்காட்டினர். இதைச் சகிப்புத்தன்மைக்குச் சான்றாகக் காட்டி மகிழ்வோரும் அவசரப்படுகின்றனர். கூடியவர்களிற் பலர், போரில் வெல்ல இயலாமல் பதவி தந்து ஈர்க்கப்பட்ட மராட்டியத் தலைவர்கள்.

நம்மவர் கட்சியை ஆராயச் செஞ்சிக்கு வருவோம். பேணுதல் மிக்க அப்பேரரசர் ஆண்டுகொண்டிருந்தபோதே, 1690 முதல் 1698 வரை அக்கோட்டை முற்றுகையில் இருந்தது. படைத்தலைவர் ஸுல்ஃபிகார் கான், வஸீர் அஸத் கானின் மகன். அவர் விரும்பியிருந்தால் கோட்டையை எப்போதோ பிடித்திருக்கலாம் என்று, அப்படையுடன் இருந்த பீம்சேன் எழுதிவைத்துள்ளார். இராஜாராம் தப்பிச் சென்ற பின்னரே கோட்டை வீழ்ந்தது. ஊழியத்தில் உயர்ந்த குடும்பமே போரை நீட்டிக்க விரும்பியது ஏன்?

விடை ஜாகீர் முறையில் இருக்கிறது. மன்சப்தாருக்குச் சம்பளம் நிலவரியே. அந்த நிலமும் சில ஆண்டுகளில் மாற்றப்படும். ஆகவே குடியானவனைக் கசக்கிப் பிழிவதிலேயே அவருக்கு நாட்டம் என்று இர்ஃபான் ஹபீப் விளக்கினார். தக்காணத்தில் புதிய மன்சப்தார்கள் பெருகினர். ஜாகீருக்காகக் காத்திருந்தோரும் பெருகினர். 1686இல் பீஜாப்பூரும் 1687இல் கோல்கொண்டாவும் கைவந்தும் நெருக்கடி தீரவில்லை. வளமான நிலங்களைப் போர்ச்செலவுக்கென அரசே தன்வசம் வைத்துக்கொண்டது என்ற ஜான் ரிச்சர்ட்ஸின் கருத்தே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. வென்ற நாட்டின் பயன் வென்றவருக்குக் கிட்டாதபோது, முற்றுகையை முடிப்பதில் அவருக்கு என்ன அவசரம்?

அதே ஸுல்ஃபிகார் கான் 1712இல் ஜஹாந்தர் ஷாவை அரியணையேற்றி வஸீரானார். மறு ஆண்டே ஃபருக்சியரால் கொல்லப்பட்டார். அவர் போரிட்ட கர்நாடகத்தில் 1710 முதல் ஸஆதத்துல்லாஹ் கான் நவாபாக வேரூன்றிவிட்டார். தில்லி மெலிந்தபோது மாகாணங்களும் மெலிந்தன என்ற பழைய சித்திரத்தை, அவத், பஞ்சாப் பகுதிகளை ஆராய்ந்த முஸப்ஃபர் ஆலம் 1986இல் கலைத்தார். ஆற்காடும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே. ஆயினும் தில்லியின் பெயர் உடனே மறையவில்லை. 1736இல் பாண்டிச்சேரிப் பிரெஞ்சுக்காரர் ரூபாய் அச்சிட உரிமை பெற்றது நவாப் தோஸ்த் அலீ கானின் வழியாக. நாணயத்திற் பொறித்ததோ பேரரசர் முஹம்மத் ஷாவின் பெயரை.