சர்க்கரை உள்ள வீட்டுக்குப் போன் வாங்கும்போது

வில்லியனூரில் போன் கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது மெகாபிக்சல் கணக்குதான். கடைத் தம்பி கேமராவையும் கேம் ஓடும் வேகத்தையும் சொல்லி முடித்ததும் நான் கேட்டேன்: "தம்பி, கையில சர்க்கரை சென்சார் ஒட்டினா இந்த போன் அதைப் படிக்குமா?" அவர் யோசித்துவிட்டு, "யாருக்குண்ணா?" என்றார். பாகூரில் இருக்கும் அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. எனக்குப் போன மாதம் எடுத்த ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் 6.1. 6.5 வந்தால் சர்க்கரை நோய். நான் வரப்பு மேல் நிற்கிறேன்.

அப்பாவைப் போல் சர்க்கரை உள்ளவர்கள் நம் ஊரில் ஏராளம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நாட்டிலேயே கோவாவுக்கு (26.4) அடுத்த இடம். ஒரு போனை நாம் நான்கைந்து வருடம் வைத்திருக்கிறோம். அதற்குள் இந்த நோய் நம் வீட்டுக்கும் வரக்கூடும் என்று நினைத்து வாங்குவதுதான் புத்தி.

செயலியை நாளைக்கும் இறக்கிக்கொள்ளலாம். எழுத்தை எப்போது வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். ஆனால் உள்ளே இல்லாத சில்லைப் பிறகு பொருத்த முடியாது, கம்பெனி நிறுத்திய அப்டேட்டை நாம் கொண்டுவர முடியாது. பிறகு சேர்க்க முடியாதவை எவை என்று பார்த்து அவற்றுக்கு மட்டும் பணம் கொடுப்பது என்று முடிவு செய்தேன். நான் வாங்கியது சிஎம்எஃப் போன் 2 ப்ரோ. 2025 ஏப்ரலில் 18,999 ரூபாய்க்கு அறிமுகமானது. அப்பாவின் மூன்று வருடப் பழைய, பத்தாயிரம் ரூபாய்ப் போனையும் பக்கத்தில் வைத்து ஒரு மாதம் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன்.

என்எஃப்சி: கடையிலேயே சோதிக்கலாம்

ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்ற சென்சாரை மேல்கையின் பின்புறம் ஒட்டினால் 14 நாள் வேலை செய்யும். போனை அதன்மேல் காட்டினால் அளவு தெரியும். அப்படிப் படிக்கப் போனில் என்எஃப்சி என்ற சில்லு வேண்டும். சென்சார் தன்னிடம் எட்டு மணி நேரத் தகவலைத்தான் வைத்திருக்கும். அதற்குள் ஒருமுறையாவது படிக்காவிட்டால் பழையது அழிந்துவிடும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் இந்தச் சில்லு கிடையாது. ஒரே கம்பெனியில்கூட மாறும்: சிஎம்எஃப் போன் 1இல் இல்லை, போன் 2 ப்ரோவில் உண்டு.

பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். கடையில் காட்டும் போனில் செட்டிங்ஸ் திறந்து என்எஃப்சியை ஆன் செய்யுங்கள். அலைக்குறி போட்ட உங்கள் வங்கி அட்டையை போனின் முதுகில் மெல்ல நகர்த்துங்கள். போன் அதிர்ந்தாலோ ஒலி எழுப்பினாலோ சில்லு இருக்கிறது. அதிர்ந்த இடத்தை மனதில் வையுங்கள். சென்சாரில் வைக்க வேண்டியதும் அந்த இடத்தைத்தான். அப்பாவின் போனில் அந்த செட்டிங்கே இல்லை.

புளூடூத்: பழைய போனும் போதும்

அக்யு-செக் இன்ஸ்டன்ட் மீட்டரை மைசுகர் செயலியோடு இரண்டு போனிலும் இணைத்தேன். விரலில் குத்தியதும் அளவு தானாகப் போய்ச் சேர்ந்தது. அப்பா இதுவரை காலண்டர் ஓரத்தில் எழுதி வந்தார்; பாதி நாள் விட்டுப்போகும். மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்த வசதியே பெரிது. என்எஃப்சி இல்லை என்பதற்காக நல்ல போனைத் தூக்கிப் போட வேண்டாம்.

சென்சாரும் மீட்டரும் ஒரே எண்ணைக் காட்டாது. மீட்டர் ரத்தத்தில் பார்க்கிறது. சென்சார் தோலுக்கடியில் உள்ள நீரில் பார்க்கிறது, சில நிமிடம் பின்தங்கும். ஒருநாள் அப்பாவுக்கு மீட்டரில் 142, சென்சாரில் 128. மீட்டருக்கே 15 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம் என்றுதான் உலகத் தர விதி சொல்கிறது. படபடப்பும் வியர்வையும் இருந்து, எண் மட்டும் நன்றாக இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள்.

அலாரம்: இதில்தான் உயிர் இருக்கிறது

இரவு எட்டு மணி மாத்திரைக்குப் பழைய போனில் நினைவூட்டல் வைத்தேன். மூன்று நாள் ஒலித்தது, நான்காம் நாள் ஒலிக்கவில்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்க போனே அந்தச் செயலியைத் தூங்க வைத்திருந்தது. செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகு தவறவில்லை. எந்த போன் வாங்கினாலும் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

சென்சாரின் அடுத்த தலைமுறைகள் சர்க்கரை இறங்கினால் புளூடூத் வழியே அலாரம் அடிக்கும். அதற்கு போன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நம் வீடுகளில் அப்பா திண்ணையில் படுப்பார், போன் உள்ளறையில் சார்ஜில் கிடக்கும். தலைமாட்டுக்கு வர வேண்டும் போன்.

உடல், கேமரா, ஆயுள்

பாகூர் ஏரிப் பாசனத்தில் விளையும் கழனிதான் அப்பாவின் வேலையிடம். ஈரக்கை, சேறு, தூசி. புதிய போனுக்கு ஐபி54 தரம்: தூசியும் நீர்த்துளியும் தாங்கும், தண்ணீரில் முக்கினால் தாங்காது. காய்ப்பு ஏறிய விரலைக் கைரேகைப் பூட்டு பலமுறை ஏற்கவில்லை. நான்கு இலக்க எண்ணே நல்லது.

கேமராவுக்கு நான் வைத்த சோதனை உள்ளங்கால். வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவருக்குச் சர்க்கரையால் கால் மரத்துப்போனால் முள் குத்தியதே தெரியாது. வாரம் ஒருநாள் இரண்டு உள்ளங்காலையும் படமெடுத்துப் போன வாரப் படத்தோடு ஒப்பிடுகிறோம். பழைய போனின் கேமராவே இதற்குப் போதுமானது.

ஆயுளுக்கு வருவோம். சிஎம்எஃப் போன் 2 ப்ரோவுக்கு மூன்று ஆண்ட்ராய்டு பதிப்பு, ஆறு வருடப் பாதுகாப்பு அப்டேட் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜிக்கும் ஆறு வருடம். மருத்துவச் செயலிகள் பழைய ஆண்ட்ராய்டை ஒருநாள் கைவிட்டுவிடும் என்பதால் இந்த எண்ணை மெகாபிக்சலுக்கு முன்னால் கேளுங்கள்.

இதற்குப் பணம் கொடுக்காதீர்கள்

தோலில் குத்தாமலே சர்க்கரை காட்டுவதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதையும் வாங்க வேண்டாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் இவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரித்தது. பொய் எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து.

என் தீர்ப்பு

வீட்டில் இன்சுலின் போடுகிறவர் இருந்தாலோ, என்னைப் போல் எல்லையில் நின்றாலோ, என்எஃப்சியும் நீண்ட கால அப்டேட்டும் உள்ள போனாகப் பாருங்கள். பத்தாயிரம்தான் கையில் இருக்கிறது என்றால் சாதாரண போன் வாங்கி, மிச்சத்தை புளூடூத் மீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் வையுங்கள். கடன் வாங்கி விலை கூடிய போன் வாங்கிவிட்டு ஸ்ட்ரிப் வாங்கக் காசில்லாமல் நிற்பதில் பயனில்லை. பதிவுகளை மருத்துவரிடம் காட்டுங்கள்; எண்ணைப் பார்த்து மருந்தளவை நீங்களே மாற்றாதீர்கள்.

சென்சார் ஒட்டிய முதல் நாள் அப்பா கேட்டார்: "இதைப் பாத்துக்கிட்டே இருந்தா சுகர் கொறஞ்சிடுமாப்பா?" குறையாது என்றேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோடு மேலே ஏறி நின்றதைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். மறுநாள் சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டிக்கொண்டார், சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரையில் அரை மணி நேரம் நடந்தார். அன்று கோடு அவ்வளவு உயரவில்லை. அதன்பின் தினமும் மூன்று மணிக்கு அவரே போனை எடுத்து வருகிறார். "அந்த மேட்டைக் காட்டு. கழனியில மேடு இருந்தா பரம்படிக்காம விடுவோமா?"