காணாமல் தரும் பரிசில்

அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்ற பெருஞ்சித்திரனாரின் வரலாறு தமிழ் கற்றோர் அறிந்ததே. புலவரைக் காணாமலே பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான் மன்னன். வறுமையில் வாடிய நிலையிலும் புலவர் அதனை ஏற்க மறுத்துவிட்டார். தம் புலமையின் அளவை அறிந்து தரப்படும் பொருள் மிகச் சிறிதாயினும் போதும். அறியாமல் தரப்படுவது எத்துணைப் பெரிதாயினும் வேண்டா என்பது அவர் துணிவு. புறநானூற்றின் 208ஆம் பாடல் இதனைக் கூறுகின்றது. புலவர் பொருளை வெறுத்தாரல்லர். பொருள் வந்த முறையையே வெறுத்தார்.

எழுத்தால் பொருள் ஈட்டலாமா என்னும் வினா இன்று பழையதாகிவிட்டது. எழுத்தாளனும் உண்ண வேண்டும்; அவன் பிள்ளைகளும் படிக்க வேண்டும். எந்த நிறுவனத்திலும் சம்பளம் பெறாமல் தனித்து எழுதி வாழ விரும்புவோர்க்கு இணையம் பல வாயில்களைத் திறந்துள்ளது. எனினும், அவ்வாயில்களில் நின்று பரிசில் தருவோர் எழுத்தைக் கண்டு தருகின்றனரா, காணாமல் தருகின்றனரா என்று ஆராய்வது திறனாய்வின் கடமையாகும்.

முதல் வாயில் விளம்பரம். கூகுள் நிறுவனத்தின் ஆட்சென்ஸ் திட்டம் 2003ஆம் ஆண்டில் தொடங்கிற்று. தமிழ்ப் பக்கங்களுக்கு அது 2018இல் தான் இடமளித்தது. கட்டுரையின் ஓரத்தில் விளம்பரம் தோன்றும். காண்போரின் தொகைக்கு ஏற்பப் பணம் வரும். இங்கே விற்கப்படுவது எழுத்தன்று. படிப்பவரின் கண்பார்வையே விற்கப்படுகின்றது. சங்க இலக்கியத்தைப் பற்றி ஆழ்ந்து எழுதிய ஒருவரும், நடிகரின் திருமணச் செய்தியை வியப்புக்குறிகளோடு எழுதிய ஒருவரும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றனர். தராசின் முள் எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாம் வாயில் மின்னூல். அமேசான் நிறுவனம் 2007இல் கிண்டில் கருவியையும், எழுத்தாளரே நூலை வெளியிடும் முறையையும் கொணர்ந்தது. தமிழ் நூல்களுக்கு அம்முறை 2016இன் இறுதியில் விரிவாக்கப்பட்டது. அச்சு நூலில் ஆசிரியர் பங்கு பத்து விழுக்காடு என்பதே பரவலான வழக்கம். இங்கோ, 2.99 டாலர் முதல் 9.99 டாலர் வரை விலையிட்டால், குறிப்பிட்ட சில நாடுகளின் விற்பனைக்கு எழுபது விழுக்காடு கிடைக்கும், ஏனையவற்றுக்கு முப்பத்தைந்து. கேட்க இனிக்கும் கணக்குத்தான். ஆயினும், அமெரிக்காவோடு வருமானவரி உடன்பாடு இல்லாத மலேசியா, சிங்கப்பூர் எழுத்தாளர்களுக்கு, அமெரிக்க விற்பனையின் உரிமத்தொகையில் முப்பது விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படும். அவ்வாறாயின் 2.99 டாலர் நூலொன்றில், கோப்பின் அளவுக்கேற்ற சிறு கட்டணமும் போக, கைக்கு வருவது ஏறத்தாழ ஒன்றரை டாலருக்கும் குறைவே. இதனை அறிந்து இறங்குவோர் ஏமாற்றம் அடையார்.

எனினும், நூலை நூலாக விற்கும்வரை நேர்மைக்கு இழுக்கில்லை. சிக்கல் சந்தா முறையில் தோன்றுகின்றது. மாதக் கட்டணம் செலுத்திய வாசகர் எத்தனை நூல்களையும் எடுத்துப் படிக்கலாம் என்னும் ஏற்பாடு 2014இல் வந்தது. தொடக்கத்தில், வாசகர் நூலின் பத்து விழுக்காட்டைக் கடந்தால் ஆசிரியருக்கு ஒரு பங்கு என்று விதித்தனர். பத்துப் பக்கச் சிறு நூலுக்கும் ஐந்நூறு பக்கப் புதினத்துக்கும் பங்கு ஒன்றே. விளைவு யாது? குறுநூல்கள் ஈசல்போல் பெருகின. 2015 சூலையில் விதி மாறிற்று. படிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பவே பணம் என்றாயிற்று. உடனே நூல்கள் நீண்டன. தேவையற்ற பக்கங்களைத் திணித்துப் பெருக்கினோரும் உளர். எழுதுவோரின் உள்ளம் ஓராண்டில் மாறிவிடவில்லை. அளவுகோல் மாறிற்று, எழுத்தின் உருவமும் உடன் மாறிற்று. இவ்வொரு சான்றே போதும், காணாமல் தரும் பரிசில் எழுத்தை எவ்வாறு வளைக்கும் என்பதை அறிதற்கு.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். வார இதழ்த் தொடர்கதையும் எழுத்தை வளைக்கவில்லையா? கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்ததன்றோ? அத்தியாய இறுதியில் வாசகரைக் காத்திருக்கச் செய்யும் உத்தி வார இதழின் குழந்தைதானே? இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால், இதழுக்கு ஆசிரியர் என்று ஒருவர் இருந்தார். அவர் படித்தார், நன்று என்றார், அன்று என்று திருப்பியும் அனுப்பினார். எண்ணும் பொறிக்கு அந்தக் கண் இல்லை. 2023 செப்டம்பரில் அமேசான் ஒரு விதி வகுத்தது: ஒருவர் ஒரு நாளில் மூன்று புதிய நூல்களுக்கு மேல் வெளியிடலாகாது. செயற்கை அறிவால் நூல்கள் குவிதல் பற்றிய கவலையே அதற்குப் பின்னணி. நாளொன்றுக்கு மூன்று நூல் என்பதே கட்டுப்பாடாகக் கருதப்பட்ட சந்தையில், மூன்றாண்டு உழைத்து ஒரு நூல் எழுதியவரின் இடம் யாது?

மூன்றாம் வாயில் வாசகரின் நேரடி ஆதரவு. 2013இல் தொடங்கிய பேட்ரியான், 2017இல் தொடங்கிய சப்ஸ்டாக் போன்ற நிறுவனங்கள், எழுத்தாளரை விரும்பும் வாசகர் அவருக்கே மாதந்தோறும் பணம் செலுத்த வழிசெய்கின்றன. சப்ஸ்டாக் பத்து விழுக்காட்டைத் தன் கட்டணமாகக் கொள்கின்றது. இங்கே பரிசிலர் தொகை சிறிது. தமிழில் மிகச் சிறிது. ஆயினும், தருபவர் படித்துவிட்டுத் தருகின்றார். மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம், பாடநூல் எழுதுதல் முதலிய பணிகளை இணையவழி பெற்று முடித்துக் கொடுப்பதும் இவ்வகையைச் சார்ந்ததே. புகழ் தராத பணிதான். ஆனால் பணி கொடுத்தவர் வரிவரியாகப் பார்த்தே கூலி தருகின்றார்.

எழுத்துத் துறையில் இறங்க விரும்பும் மாணவர், எந்த உடன்பாட்டிலும் கையெழுத்திடுமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அளப்பவர் யார்? அளக்கப்படுவது எது? உரிமை யாரிடம் தங்குகின்றது? மேற்கூறிய சந்தா முறையில் சேரும் நூல், தொண்ணூறு நாள் வரை வேறெங்கும் மின்வடிவில் வெளிவரலாகாது என்பதை அறியாமல் சேர்ந்து, தம் சொந்தத் தளத்தில் வெளியிட்ட கதைகளையே நீக்க நேரும் நிலையை இம்மூன்றாம் வினா தவிர்க்கும்.

பெருஞ்சித்திரனார் பசியோடுதான் திரும்பினார். அந்தப் பசியை இன்றைய எழுத்தாளர்மீது சுமத்துவது அறமாகாது. விளம்பரத்தாலும் சந்தாவாலும் வரும் பணத்தைக் கொண்டு அடுப்பெரியுமாயின் எரியட்டும். ஆனால், அப்பணத்தின் அளவே தம் எழுத்தின் அளவு என்று எழுத்தாளர் நம்பத் தொடங்கும் நாளில்தான் இழப்பு நேர்கின்றது. வரவுக்கு ஒரு கணக்கேடு இருக்கலாம். தரத்துக்கு வேறொன்று இருத்தல் வேண்டும். அந்த இரண்டாம் ஏட்டை எழுதும் பொறுப்பு, படித்துப் பார்த்து நன்று தீது கூறும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உரியது.