நிலவில் இறங்கியது கலமா, பொம்மையா?

பாடாங் செராய் ஒட்டுக்கடை ஒன்றில், இந்தியாவின் சந்திரயான்–3 நிலவில் இறங்கிய காட்சியைப் பற்றி வாதம் இன்னும் ஓயவில்லை. "ஏங்க கிராணி, நமக்கு முன்னாடியே அங்க போய் நின்னு படம் புடிச்சவன் யாரு?" என்று பெரியவர் ஒருவர் நம்மைக் கேட்டார். கூடியிருந்தோர் நகைத்தனர். கேள்வியோ நகைக்கத்தக்கதன்று.

2023 ஆகஸ்ட் 23ஆம் நாள், நம் நாட்டு நேரப்படி இரவு எட்டரை மணியளவில், திரையில் நாம் கண்ட கலம் கணினி வரைந்த பொம்மையே. படம் பிடிக்க அங்கு எவருமில்லை. கலம் தன் உயரத்தையும் வேகத்தையும் இலக்கங்களாக அனுப்பிற்று, அவ்விலக்கங்களே மெய். பொம்மை அவற்றை விளக்க வந்த சித்திரம். இதனை எத்தனை முறை எடுத்துரைத்தாலும் தகும்.

நாம் செக்ரோலும் குலைக் கணக்கும் எழுதிப் பிழைப்போர். மரத்துக்கு மரம் நாம் நிற்பதில்லை. இலக்கம் வருகிறது, எழுதுகிறோம். ஆயினும் ஆலையின் நிறுவைச் சீட்டு வந்து ஒத்த பின்னரே கணக்கை நம்புகிறோம். அத்தகைய அயலார் சீட்டு இவ்விஷயத்தில் உண்டா? உண்டு. ஆகஸ்ட் 27இல் அமெரிக்கரின் நிலவுச் சுற்றுக்கலம், விக்ரம் கலத்தையும், அதன் விசைப்பொறி வீச்சால் சுற்றிலும் வெளுத்த மண்ணையும் மேலிருந்து படமெடுத்தது. இறங்குங்கால் கலத்தின் சொந்தக் கண் பிடித்த சலனப்படமும் மறுநாளே வெளிவந்தது. சாம்பல் நிறம், குழிகள், வேறொன்றுமில்லை. பொம்மையின் அழகு அதற்கில்லை; நமக்கு அதுவே இனித்தது.

2019 செப்டம்பர் 7இல், சந்திரயான்–2இன் கலம் 2.1 கிலோமீட்டர் உயரம்வரை ஒழுங்காய் இறங்கித் தொடர்பற்றுப்போனதையும், அதிகாரிகள் முகம் வாடியதையும் உலகமே திரையில் கண்டது. நாடகம் எழுதுவோன் தன் தோல்வியை முதல் அங்கமாக வைப்பானோ? வைப்பான் என்பாரும் உளர். அவர்க்கு எந்தச் சீட்டும் போதாது.

நிற்க. ஐயத்தை வளர்த்தவர் நையாண்டிக்காரர் மட்டுமல்லர். ஊர்தியின் சக்கரம் நிலவு மண்ணில் அசோகச் சிங்கத்தைத் தெள்ளெனப் பதித்ததாக அந்நாட்களில் ஒரு படம் வீட்டுக்கு வீடு வந்தது. சக்கரத்தில் அச்சின்னம் இருந்தது மெய். அப்படமோ ஓவியர் ஒருவரின் கைவேலை. திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல் என்ற பெருமிதத்தில் நாமும் அதை நால்வருக்கு அனுப்பினோம். ஆங்கிலம் படித்த கிராணி அனுப்பினால் யார்தாம் ஐயுறுவர்?

மறுவாரம் அப்பெரியவரிடம் இரு படங்களையும் கைப்பேசியில் காட்டி, எது மெய்யென்றும் சொன்னோம். சாம்பல் படத்தை நெடுநேரம் பார்த்தார். "இதான் நெசமா? ரொம்ப மங்கலா இருக்கேப்பா" என்றார்.