எரிக் பாலின் பித்தளை

இங்கிலாந்தின் எரிக் பால் 1950-இல் தந்த ‘ரிசர்காம்’ என்ற பித்தளை பேண்ட் இசையைக் கேட்கும்போதெல்லாம் பித்தளைக்கு இத்தனை மென்மையா என்று தோன்றும். இரட்சணிய சேனை அதிகாரியாக இருந்தவர். 1942 முதல் 1944 வரை அதன் சர்வதேச ஸ்டாஃப் பேண்டை நடத்தியவர். இத்தகைய பேண்டில் ஒலிக்கும் கார்னெட்டின் குழல் போகப்போக விரிவதால் ட்ரம்பெட்டின் கூர்மை அதில் கிடையாது, நாதத்தில் ஒரு கதகதப்பு உண்டு. அடியில் யூஃபோனியம் தேன் மாதிரி கனத்து நகரும். உரக்க ஊதிவிடலாம், மெல்ல ஊதுவதுதான் பாடு. உதடு அதிர வேண்டும், மூச்சு நடுங்கக் கூடாது. நீண்ட ஸ்வரத்தில் ஒருவர் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர் தாங்கிக்கொள்ள, இழை அறுவதே இல்லை. பகலெல்லாம் ஆலையிலோ சுரங்கத்திலோ உழைத்துவிட்டு மாலையில் பேண்ட் ஒத்திகைக்கு வந்தவர்களிடம் இவ்வளவு நிதானத்தை நம்பிக் கேட்டாரே, அதற்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.