திணை பேசுவோரும் நிலம் காண்போரும்

ஆய்வரங்குகளில் நம் மாணவர் ஐந்திணை பற்றிக் கட்டுரை படிப்பது வழக்கமாகிவிட்டது. கூடியிருப்போர் புவியியலாளராயின் தலைப்பு மட்டும் மாறும். 'சங்கத் தமிழரின் புவியியல் அறிவு' என்றாகும். நிலத்தைப் பகுத்த நம் முன்னோரின் நுண்மாண் நுழைபுலத்தைப் போற்றிக் கட்டுரை நிறைவுறும். கைதட்டல் எழும், வினா எழாது. வினா எழுப்பாத கட்டுரை ஆய்வுக் கட்டுரையாகுமா என்பதே ஈண்டு நாம் எண்ண வேண்டுவது.

ஆய்வரங்கு பாராட்டு மேடையன்று. கட்டுரையாளர் முதற்கண் ஆய்வுச் சுருக்கம் அனுப்புகிறார். எதனை வினவினேன், எவ்வாறு தேடினேன், என்ன கண்டேன் என்னும் மூன்றையும் அச்சுருக்கம் சொல்லுதல் வேண்டும். பின்னர் அரங்கில் அவருக்குக் கிடைப்பது கால்மணி அல்லது இருபது நிமிடமே. அதன்பின் வரும் வினா நேரமே அரங்கின் உயிர். தம் முடிவைப் பிறர் மறுத்தற்கு இடந்தருபவரே ஆய்வாளர். மறுக்கவியலாத புகழுரைக்குச் சான்றும் வேண்டா, அரங்கும் வேண்டா.

இந்நெறி நமக்குப் புதியதன்று. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நிகழ்ந்தது. அதற்கு முன்னின்று உழைத்தவர், அந்நாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயக அடிகளார். தமிழாய்வு உலக அறிஞர்தம் கருத்தோடு மோதித் தெளிவுபெற வேண்டுமென்பது அவர் நோக்கம். அடிகளார் பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கையை ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூலும், 'நிலத்தோற்றமும் கவிதையும்' எனப் பொருள்படும் பெயரோடு அதே 1966-இல் வெளிவந்தது. அவர் வழிவந்தோராகிய நாம் திணையைப் போற்றியதோடு நின்றுவிட்டோம், சோதித்துப் பார்த்தோமில்லை.

சோதனைக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டா. பினாங்கின் ஆயர் ஈத்தாம் போதும். மலாய்மொழியில் 'கறுத்த நீர்' என்பது அப்பெயரின் பொருள். மேலே கொடிமலை, கீழே ஓடை, இடையே சரிவுத் தோட்டங்கள். மலையும் மலைசார்ந்த இடமுமாகிய இதனைக் குறிஞ்சி என்று எழுதிவிட மாணவர் கை துடிக்கும். ஆயினும் தொல்காப்பியர் முதற்பொருள் என்றது நிலத்தை மட்டுமன்று. பொழுதையும் சேர்த்தே கூறினார். குறிஞ்சிக்கு அவர் வகுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். பினாங்கில் மழை மிகுவது பொதுவாகச் செப்டம்பர், அக்டோபர் திங்கள்களில். ஆகவே கூதிர் ஓரளவு பொருந்தும் எனலாம். முன்பனியோ மார்கழியும் தையும். இங்கே தை மாதம் ஆண்டின் வறண்ட பகுதியைச் சார்ந்தது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏறும் அடியார் பனியில் நடுங்குவதில்லை, வெயிலில் வியர்க்கின்றனர். நிலம் பொருந்துகிறது, பொழுது பாதியே பொருந்துகிறது. இதுவன்றோ அரங்கில் வைக்கத்தக்க கண்டுபிடிப்பு?

'திணை இலக்கிய மரபு. அதனை மழைமானி கொண்டு அளக்கலாமா?' என்று ஆசிரியர் சிலர் கடிந்துரைப்பர். அவர்தம் கூற்றில் நியாயம் உண்டு. திணை புலவர்தம் உலகியலும் நாடகவியலும் கலந்த நெறி. அகவாழ்வைச் சொல்ல எழுந்தது. அங்ஙனமாயின் அதனைப் புவியியல் என்று பறைசாற்றுதல் கூடாது. புவியியல் என்றே சொல்வோமாயின் புவியியலின் அளவைகளுக்கு அஞ்சுதல் கூடாது. இரண்டிலும் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டின் பொறுப்பையும் தவிர்ப்பது ஆய்வறமாகாது.

நம் இலக்கியத்தில் புவியியலாளருக்கு மெய்யாகவே வழிகாட்டும் இடம் வேறொன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் விளக்கினார். நிலம் என்றும் ஒருபடித்தாய் நில்லாது என்னும் உண்மை அதனுள் அடங்கியுள்ளது. ஆயர் ஈத்தாமும் திரிந்த நிலமே. 1923-இல் கொடிமலைக்கு இழுவை இரயில் ஏறிற்று. 1962-இல் நீர்த்தேக்கம் எழுந்தது. 1980-களிலிருந்து அடுக்குமாடிகள் நிறைந்த புதுநகர் வளர்ந்தது. 2021-இல் கொடிமலை யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. இத்திரிபுகளுக்கிடையே தமிழ்க் குடும்பங்கள் எங்கெங்கு வாழ்ந்தன, எங்குப் பெயர்ந்தன, ஏன் பெயர்ந்தன? இவ்வினாவோடு ஒருவர் அரங்கேறினால் அவர் சொல்லைக் கேட்க எந்நாட்டுப் புவியியலாளரும் காது கொடுப்பர்.

இத்தகு வினாவுக்கு விடை தேடிய முன்னோடி ஒருவர் உளர். புவியியலறிஞர் கெர்னியல் சிங் சந்து, மலாயாவில் இந்தியர் குடியேற்றம் பற்றி எழுதிய பெருநூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1969-இல் வெளியிட்டது. அவ்வாய்வின் தொடக்க ஆண்டு 1786. பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால்வைத்துக் குடியேற்றம் நிறுவிய ஆண்டு. குடியேறினோருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். எனினும் அவர்தம் வரலாற்றைப் பதிவேடுகளும் குடிமதிப்புக் கணக்குகளும் கொண்டு நிலத்தின்மேல் நிறுத்திக் காட்டியவர் பஞ்சாபியக் குடும்பத்தில் பிறந்தவர். இஃது அவருக்குப் பெருமை, நமக்குப் பாடம்.

ஆசிரியப் பெருமக்கள் மாணவருக்கு ஒன்று செய்தல் நலம். அடுத்த கட்டுரைக்குத் தலைப்புத் தருமுன் அவர்களை ஆயர் ஈத்தாம் ஓடைக்கரை வரை நடத்திச் செல்லுங்கள். முதியோரிடம் பழைய பெயர்களைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். மழைக்கணக்கைப் பெற்று ஒப்பிடச் சொல்லுங்கள். தம் கையாலேயே ஒரு நிலப்படம் வரையச் சொல்லுங்கள். அதன்பின் தொல்காப்பியத்தைத் திறக்கட்டும். பொருந்துவதைப் பொருந்துகிறது என்றும், பொருந்தாததைப் பொருந்தவில்லை என்றும் அஞ்சாது எழுதட்டும். தம் காலடி நிலத்தை அறியாதவர் திணையைப் பற்றி எத்துணை பேசினும், அது கேட்டதைத் திருப்பிச் சொல்லுதலேயன்றி ஆய்வாகாது.