எழுத்து யாருக்காக?

எம்மொழியில் எழுதுவது என்னும் வினாவைக் கற்றோர் தமக்குள் பேசிக் கலைந்துவிடுவது உலக வழக்கம். அவ்வினாவை மெய்யாகவே வாழ்க்கையில் எடுத்தாண்டு, அதன் பொருட்டு வேலையிழந்து, சிறைபுகுந்து, பிறந்த நாட்டையும் துறக்க நேர்ந்தவர் ஒருவர் உண்டு. கென்யா நாட்டு நாவலாசிரியரும் பல்கலைக்கழக ஆசிரியருமாகிய கூகி வா தியாங்கோ என்பவரே அவர். 1938-ம் ஆண்டிற் பிறந்து 2025-ம் ஆண்டு மே மாதம் 28-ந் தேதி மறைந்த அவ்வறிஞர், வாசிப்பையும் எழுத்தையும் மொழியையும்பற்றித் தாம் கண்டவற்றை 1986-ல் நூலாக்கினார். மனத்தை அடிமைத்தளையினின்று விடுவித்தல் என்பது அதன் தலைப்பின் பொருளாகும். அந்நூலின் நிறையும் குறையும் நம்மவர் சீர்தூக்கிப் பார்க்கத் தக்கவை.

கூகியின் இளமையில் வீட்டு மொழியும் வயல் மொழியும் கிக்கூயு என்னும் தாய்மொழியே. 1952-ல் வெள்ளையராட்சி நெருக்கடி நிலையைப் பிரகடனஞ் செய்தபின் பள்ளிகளில் ஆங்கிலமே அரசோச்சியது. பள்ளியருகே தாய்மொழி பேசிய சிறுவனுக்குப் பிரம்படி. அன்றேல் தன்னைக் கழுதையென்று கூறும் தகடு அவன் கழுத்திலே தொங்கும். குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒரு பொத்தான் கைக்குக் கை மாறும். மாலையில் அதனை வைத்திருப்பவன் தனக்குக் கொடுத்தவனைக் காட்டிக்கொடுப்பான். பிள்ளைகளையே பிள்ளைகளுக்கு ஒற்றராக்கிய கல்வி அது! 1954-ல் அவர் வகுப்பில் ஒரு மாணவன் எல்லாப் பாடங்களிலும் முதன்மை பெற்றும் ஆங்கிலத்தில் தவறியமையால் பரீட்சை முழுவதிலும் தோற்றவனானான். பின்னர் பஸ்ஸில் எடுபிடி வேலைக்குப் போனான். மற்றப் பாடங்களில் வெறுந் தேர்ச்சியே பெற்ற கூகியோ, ஆங்கிலத்தால் உயர்பள்ளி புகுந்தார். இதனை அவர் மறைக்கவில்லை. தமது ஏற்றத்துக்கு அடியில் மற்றொருவன் வீழ்ச்சி கிடப்பதைக் கண்டு சொல்லும் நேர்மையே இந்நூலின் முதற் சிறப்பு.

இப்பகுதியை வாசித்தபோது நான் தலைகுனிந்தேன். ஆங்கில வழியிற் கற்றுத் தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்ப்பவன் நான். தொழிலாளர் ஒருவர் கொணரும் ஆங்கிலக் கடிதத்தை வாசித்துப் பொருள் சொல்லும்போது என் குரலில் ஏறும் மிடுக்கு எங்கிருந்து வந்ததென்று எனக்குக் காட்டியது இந்நூலே. அக்கடிதம் அவருடையது, அதன் பொருளும் அவருடையது, மிடுக்கு மட்டும் எனக்கு எப்படி உரித்தாயிற்று?

இரண்டாஞ் சிறப்பு, ஆசிரியர் மாணவரான வரலாறு. ஆங்கிலத்தில் நான்கு நாவல்கள் எழுதிப் புகழ்பெற்ற பின்னரே, தம் கதையின் மாந்தராகிய உழவரும் தொழிலாளரும் அவற்றைப் படிக்க இயலாரென்னும் உண்மை அவரை உறுத்தியது. தம் ஊராகிய கமிரீதுவில், கூகி வா மிரீ என்பவருடன் சேர்ந்து கிக்கூயு மொழியில் ஒரு நாடகம் இயற்றினார். ஊரார் ஒத்திகையைச் சூழ்ந்து நின்று, முதியவன் இவ்வாறு பேசான், இப்பாட்டு இவ்வாறன்று எனத் திருத்தினர். ஈராயிரம் பேர் அமரத்தக்க திறந்தவெளி அரங்கையும் தம் கையாலேயே கட்டினர். 1977-ம் ஆண்டு அக்டோபரில் அரங்கேறிய அந்நாடகத்தை மறுமாதமே அரசாங்கம் தடுத்தது. ஆண்டு முடியுந் தறுவாயில் கூகியைச் சிறையிலிட்டு, ஏறக்குறைய ஓராண்டு விசாரணையின்றி வைத்திருந்தது. 1982-ல் அரங்கும் இடித்துத் தள்ளப்பட்டது.

சிறையிலே கழிப்பறைக் காகிதத்தில் அவர் கிக்கூயு மொழியில் எழுதிய நாவல் 1980-ல் வெளிவந்தது. சிலுவையில் தொங்கும் சாத்தான் என்னும் பெயரில் அது தமிழிலும் உண்டு. எழுத்தறிந்தவர் குடும்பத்தாருக்கு அதனை உரக்க வாசித்தனர். மதுக்கடைகளிலும் வாசித்தனர், சுவையான கட்டத்தில் நிறுத்திக் குவளை நிரம்பிய பின்பே தொடர்ந்தவரும் உண்டாம்! எழுத்தறியாதாரும் நூலுக்குரிய வாசகராயினர் என்பதன்றோ இதன் பொருள்?

இனிக் குறையைக் கூறுவோம். கூகியைச் சிறையிலிட்டது வெள்ளையராட்சியன்று; 1963-ல் விடுதலைபெற்ற கென்யாவின் ஆட்சி. அதன் தலைவராயிருந்த ஜோமோ கென்யாத்தாவின் தாய்மொழியும் கிக்கூயுவே! நாடகத்திலே ஏழையின் நிலத்தைக் கவரும் செல்வனும் அம்மொழியையே பேசுகிறான். ஆகவே தாய்மொழி எளியோருக்கு மட்டும் உரியதன்று. ஏய்ப்பவனுக்கும் அதுவே கருவி. கூகி இதனை அறியாதவரல்லர். மக்களின் போராட்டத்தை ஏந்தாத தாய்மொழி எழுத்தால் மறுமலர்ச்சி விளையாதென்று அவரே எச்சரிக்கிறார். ஆயினும் தீயைச் சூழ்ந்து கதை கேட்ட இளமையை அவர் வரையும் பக்கங்களில் இனிமை மிகுந்த அளவுக்கு ஆராய்ச்சி மிகவில்லை. பழமொழியாகவும் சடங்காகவும் ஒரு மொழிக்குள்ளேயே உறைந்து கிடக்கும் அநீதியை யார் களைவது? சாதியை இழிசொற்களில் ஏந்தி வந்த தமிழை உடைய நாம் இவ்வினாவைக் கேளாதிருத்தல் தகாது.

நைஜீரியாவின் சினுவா அச்செபே, ஆங்கிலத்தையும் ஆப்பிரிக்க வாழ்வுக்கேற்ப வளைத்தாளலாமென்று 1964-லேயே வாதாடினார். ஆங்கிலத்துக்கு விடைகூறும் கூகியின் இந்நூலும் ஆங்கிலத்திலேயே உள்ளது. அதனாலன்றோ அது என் கைக்கு எட்டிற்று? ஆயினும் கூகியின் விடை பழுதுபட்டதன்று. முதலில் தன் மக்களுக்கு எழுதுக, பின் மொழிபெயர்ப்பால் உலகுக்குக் கொடுக்க என்பதே அவர் வகுத்த முறை. பிற்காலத்தில் தாம் கிக்கூயுவில் எழுதிய பெருநாவலைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்தும் காட்டினார்.

தோழர்களே! ஆங்கிலத்தை வெறுக்குமாறு நான் கூறவில்லை. தமிழைப் புகழ்ந்து மாலை சூட்டுமாறும் கூறவில்லை. நாம் எழுதுவதை எழுத்தறியாத ஒரு முதியவருக்கு உரக்க வாசித்துக் காட்டுவோம். அவர் திருத்தினால் நாணாது ஏற்போம். கமிரீது ஊரார் பேராசிரியருக்குக் கற்பித்த பாடம் இதுவே. அதனைக் கற்க எந்தப் பரீட்சையிலும் தேற வேண்டுவதில்லை.