முந்நூறு சொற்களும் சில பேட்டரிகளும்

“வெட்டுறப்ப மட்டும் பெரிய மனுஷன், கோர்ட்டுக்கு வந்தா சின்னப் பையனா? தூக்கிப் பெரிய ஜெயில்ல போடணும் தோழர்.” சாதி ஒழிப்புக் கூட்டமொன்றை முடித்துவிட்டுத் தேநீர்க் கடையில் நின்றபோது நண்பர் சொன்னது இது. பேச்சு நாங்குநேரியைப் பற்றியது. 2023 ஆகஸ்ட் 9 இரவு, பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவன் ஒருவனை, அதே பள்ளியின் ஆதிக்க சாதி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள்.

அப்போது நான் பதில் சொல்லவில்லை. அவருடைய கோபத்தின் நியாயம் என் வாயை அடைத்துவிட்டது. ஆனால் அந்த வாக்கியம் அவருடையது மட்டுமல்ல. தொலைக்காட்சி விவாதங்களும் நாடாளுமன்றமும் நம் வீட்டுத் திண்ணைகளும் ஒரே குரலில் பேசுகிற வாக்கியம் அது. ‘முளைச்சு மூணு எல விடல, அதுக்குள்ள கத்தியத் தூக்குறான்’ என்பது அதன் இன்னொரு வடிவம். சட்டத்தின் மொழியும் தெருவின் மொழியும் இப்படி ஒன்றாகிற இடத்தில்தான் நாம் சந்தேகப்படத் தொடங்க வேண்டும். இது தாமதமான என் பதில். சம்பந்தப்பட்ட சிறுவர்கள் யாருடைய பெயரையும் எழுதவில்லை. சட்டம் தடுக்கிறது, எனக்கும் அதில் உடன்பாடு.

*

2024 மே 19 அதிகாலை புனேயில் 17 வயதுப் பையன் ஒருவன் குடித்துவிட்டு ஓட்டியதாகச் சொல்லப்பட்ட போர்ஷ் கார் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். அன்றே பிணை கிடைத்தது. விபத்துகள் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. கெட்ட சகவாசத்திலிருந்து பேரனை விலக்கி வைப்பதாகத் தாத்தா கொடுத்த உறுதியைக் குழுமம் ஏற்றுக்கொண்டது. நாடே கொதித்தது. நானும்தான். ரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்களும் பெற்றோரும் கைதானபோது கொதிப்பு இன்னும் கூடியது.

இதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன், 2022 டிசம்பர் இறுதியில், ரயில்வே பேட்டரிகளைத் திருடியதாகத் தாம்பரத்தில் இன்னொரு 17 வயதுப் பையன் பிடிபட்டான். செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் அடைக்கப்பட்டான். டிசம்பர் 31 அன்று இறந்துபோனான். இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். இதற்கு நாடு கொதிக்கவில்லை.

இரண்டு பேருக்கும் வயது ஒன்று, சட்டமும் ஒன்று. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், பிரிவு 12, சிறாருக்குப் பிணையே விதி என்கிறது. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், ஆபத்துக்கு உள்ளாவான், நீதியின் நோக்கம் கெடும் என்று கருதினால் மட்டுமே மறுக்கலாம். அந்தச் சட்டத்தின் கீழான 2016 மாதிரி விதிகள் இன்னும் தெளிவாகவே பேசுகின்றன. கொடுங்குற்றங்களில் மட்டும்தான் சிறாரைப் பிடிக்கலாம். மற்றவற்றில் அவனுடைய நலனுக்குத் தேவை என்றால்தான். பேட்டரித் திருட்டு கொடுங்குற்றம் அல்ல. அவன் அன்றிரவு அம்மாவிடம் போயிருக்க வேண்டியவன்.

பிறகு எங்கே பிசகுகிறது? ‘ஆபத்து’ என்கிற சொல்லில். பங்களாவையும் தாத்தாவையும் பாதுகாப்பு என்று வாசிக்கிற அதிகாரம், குடிசையையும் கூலிக்குப் போகிற தாயையும் ஆபத்து என்று வாசிக்கிறது. ஒருவனுக்குக் குடும்பம் பிணைக்கான காரணம், மற்றவனுக்குக் குடும்பமே பிணை மறுப்புக்கான காரணம். குழந்தைமை என்பது வயதால் தானாகக் கிடைக்கிற ஒன்றல்ல. சிலருக்கு வழங்கப்படுகிறது, சிலருக்கு மறுக்கப்படுகிறது. பிறப்புச் சான்றிதழோ பள்ளிச் சான்றிதழோ இல்லாத பையன், எலும்பை எக்ஸ்ரே எடுத்து நிரூபித்தால்தான் குழந்தை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை.

அந்த 300 சொற்களை நான் நியாயப்படுத்தவில்லை. இரண்டு உயிர்களுக்கு முன் அது கேலிக்கூத்து. ஆனால் அது தண்டனை அல்ல, பிணைக்கான நிபந்தனை என்பதை நம் கோபம் மறந்துவிட்டது. பணக்காரப் பையனுக்குக் கட்டுரை கொடுத்தது மட்டுமே அநியாயம் அல்ல. பேட்டரிப் பையனிடம் ஒரு கட்டுரை எழுதித் தாடா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லையே, அதுதான் பெரிய அநியாயம். ‘அவனையும் பெரிய ஜெயில்ல போடு’ என்பதல்ல, ‘இவனையும் வீட்டுக்கு அனுப்பு’ என்பதே நம் முழக்கமாக இருந்திருக்க வேண்டும்.

*

இந்தப் பிளவு புதியதல்ல. மெட்ராஸ் குழந்தைகள் சட்டம் 1920இல் வந்தது. இந்தியாவிலேயே இத்தகைய முதல் சட்டம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதே 1920இல், ஏப்ரல் 3 அன்று, மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில், குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மறுத்த மக்களை அதே அரசு சுட்டது. 16 பேர் செத்தார்கள். ஒரு கை குழந்தையைக் காக்கச் சட்டம் எழுதுகிறது. மறுகை, சில சாதிகளில் பிறந்தால் பிறப்பே குற்றம் என்று ரேகை வாங்குகிறது. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் 1897 திருத்தம் 4 வயதிலிருந்து 18 வயது வரையுள்ள பையன்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்க வழி செய்தது. நாலு வயதுப் பிள்ளை என்ன திருடியிருக்கும்?

சிறை என்கிற அமைப்பு முழுமையடைந்த நாளாக ஃபூக்கோ குறிப்பிடுவது பெரியவர்களின் சிறை எதையும் அல்ல. 1840இல் பிரான்சின் மெத்ரேயில் சிறுவர்களுக்கான சீர்திருத்தக் குடியேற்றம் திறக்கப்பட்ட நாளை. குடும்பம், பள்ளி, பட்டாளம், பட்டறை எல்லாம் ஒரே வளாகத்தில். நம் ஊரில் அதற்குக் கிடைத்த பெயர் கூர்நோக்கு இல்லம். யாரைக் கூர்ந்து நோக்குவது, யாரைக் கண்டும் காணாமல் விடுவது என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை.

*

இனி 2015க்கு வருவோம். 2012 டிசம்பர் 16 தில்லிக் கொடுமையில் பிடிபட்ட ஆறு பேரில் ஒருவன் 18 வயதுக்குச் சில மாதங்கள் குறைந்தவன். மூன்றாண்டு சிறப்பு இல்லத்தில் இருந்தான். வயதை 16ஆகக் குறைக்கக் கூடாது என்று 2013 ஜனவரியிலேயே வர்மா குழு சொன்னது. நாடாளுமன்ற நிலைக்குழுவும் புதிய மசோதாவை எதிர்த்தது. 2015 டிசம்பர் 20 அவன் வெளியே வந்தான். இரண்டே நாளில், டிசம்பர் 22 அன்று, மாநிலங்களவை மசோதாவை நிறைவேற்றியது. ஒரு முகத்தைப் பார்த்து எழுதிய சட்டம் எல்லா முகங்களுக்கும் பொருந்துகிறது. குறைந்தபட்சம் 7 ஆண்டு தண்டனையுள்ள குற்றம் கொடுங்குற்றம். அதைச் செய்ததாகச் சொல்லப்படும் 16 முதல் 18 வயதுள்ளவனின் உடல், மனத் திறன், விளைவை உணரும் ஆற்றல், சூழ்நிலை ஆகியவற்றைக் குழுமம் மதிப்பிட்டு, பெரியவனாக விசாரிக்க அனுப்பலாம்.

நண்பர் கேட்டது இந்தக் கதவைத்தான். ஆனால் இதே கதவு வழியாக யார் தள்ளப்படுவார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. போக்சோ சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, பாலியல் வன்புணர்வுக்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு. 18 வயதுக்குக் கீழுள்ள பெண்ணின் சம்மதம் அங்கே செல்லாது. ஆகவே, 17 வயதுத் தலித் பையன் ஆதிக்க சாதிப் பெண்ணைக் காதலித்து இருவரும் ஓடிப்போனால், பெண்ணின் அப்பா கொடுக்கிற புகாரில் அந்தக் காதல் கொடுங்குற்றம் ஆகலாம். 16 வயதுக்கு மேல் சம்மதத்தோடு நடப்பதை இந்தச் சட்டத்திலிருந்து விலக்க யோசிக்கலாம் என்று சென்னை உயர்நீதிமன்றமே 2019இல் சொன்னது. ஆணவக் கொலைக்கு அரிவாள் எடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, ஒரு புகார் போதும். நாம் கூர்தீட்டிக் கொடுக்கிற கத்தி யார் கையில் இருக்கும் என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

*

அப்படியானால் நாங்குநேரிக்கு என்ன பதில்? தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. வெட்டுப்பட்ட வீட்டுக்குப் போய்க் ‘குழந்தைங்க, விடுங்க’ என்று என்னால் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது.

ஆனால், அந்தப் பையன்களைப் பெரியவர்களாக அறிவித்துவிட்டால் மெய்யான பெரியவர்கள் தப்பிவிடுகிறார்கள். கையில் கலர் கயிறு கட்டி அனுப்பியவர், சாதிப் பேரவையின் ஃபிளெக்ஸில் எட்டாவது படிக்கிற பிள்ளையின் படத்தைப் போட்டவர், அந்தப் பையன் நல்லாப் படிக்கிறான் என்று வீட்டில் வயிறெரிந்து பேசியவர், வகுப்பில் நடப்பதைப் பார்த்தும் பேசாமல் இருந்த ஆசிரியர். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை கயிறு, பொட்டு, பள்ளிப் பெயரில் ஒட்டிய சாதி எல்லாவற்றையும் நீக்கச் சொன்னது. எதிர்ப்பு பெரியவர்களிடமிருந்துதான் வந்தது. முத்திரை குத்தப்பட்ட வரலாறு உள்ளதால் மட்டும் ஒரு சாதி இன்னொரு சாதியை மிதிக்காமல் இருந்துவிடுவதில்லை என்பதையும் நாம் தயங்காமல் எழுத வேண்டும். ‘சூழ்நிலை’ என்று சட்டம் ஒரு சொல்லில் முடிப்பது இங்கே ஒரு முழு ஊர்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. தூண்டிய, மறைத்த பெரியவர்கள்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் முழுதாகப் பாயட்டும். பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்பும் வீடும் பாதுகாப்பும் அரசின் பொறுப்பு. பையன்கள் சிறப்பு இல்லத்தில் இருக்கிற அந்த மூன்று ஆண்டுகளில் சாதியைக் கழற்றுகிற வேலை நடக்கட்டும். அதை யார் நடத்துகிறார்கள், எப்படி நடத்துகிறார்கள் என்று வெளியிலிருந்து கேட்கிற உரிமை நமக்கு வேண்டும். இல்லங்களைப் பற்றி அதே சந்துரு 2023இல் கொடுத்த தனி அறிக்கை என்ன ஆயிற்று என்று நம் கூட்டங்களில் ஒரு தீர்மானமாவது போட்டோமா? எத்தனை பேர் தம் மாவட்டத்து இளைஞர் நீதிக் குழுமம் எங்கே கூடுகிறது என்று தெரிந்து வைத்திருக்கிறோம்?

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். முழுதும் கேட்டார். “மூணு வருஷம் கழிச்சு அதே தெருவுல வந்து நிப்பானே தோழர், அந்தத் தங்கச்சி எப்படி நடந்து போகும்?” என்றார்.

அந்தக் கேள்விக்கு என் கோரிக்கைகள் போதாது. அந்தத் தெரு நம் வேலைக்களம் ஆகாதவரை எந்தச் சட்டமும் போதாது. அவரும் நானும் சேர்ந்து முதலில் குழுமம் கூடுகிற நாளை விசாரிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.